லினக்ஸில் நிர்வாகக் கட்டளைகளைப் பணியாளர் கையில் கொடுப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகள், சோமனூர் பக்கத்துத் தறிக்கூடங்கள், ஈரோட்டு மஞ்சள் மண்டிகள், கோவைப் பட்டறைகள் என லினக்ஸ் போட்டு வேலை நடக்கும் இடங்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். சிஸ்டம்காரர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மீதி ஆறு நாளும் ஒரு பிரிண்டரை மறுபடி ஓட வைக்கக்கூட அவருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ரூட் பாஸ்வேர்ட் ஊருக்கே தெரிந்திருக்கும். இரண்டுமே தேவையில்லை.

உபுண்டு, டெபியன், மின்ட் ஆகிய லினக்ஸ் வகைகளை மனதில் வைத்து எழுதியது. ஃபெடோரா வகை மாறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் குறிப்பிட்டிருக்கிறோம்.

சூடோ, சூடோன்னு சொல்றாங்க. அது என்னங்க? ரூட்டுங்கறது வேறயா?

ரூட் என்பது ஒரு பயனர் கணக்கு. அதன் எண் 0. எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், எந்தச் சேவையையும் நிறுத்தலாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதைத் தடுக்காது. சூடோ என்பது ஒரு நிரல். ‘இந்த ஆள், இந்த மெஷினில், இந்தக் கட்டளையை ரூட்டாக ஓட்டலாம்’ என்று எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து, அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டிவிட்டு, யார் ஓட்டினார் என்று குறித்தும் வைக்கும். அந்தப் பட்டியல்தான் ‘/இடிசி/சூடோயர்ஸ்’ கோப்பு.

1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதியது. 1994 முதல் டாட் மில்லர் பராமரித்து வருகிறார். உபுண்டு ரூட் கணக்கைப் பூட்டியே தருகிறது. நிறுவும்போது உருவாக்கும் முதல் பயனருக்கு சூடோ உரிமை கிடைத்துவிடும்.

பாஸ்வேர்ட் கேக்குதுங்க, டைப் பண்ணுனா ஒண்ணுமே விழுகமாட்டேங்குது. யாரோட பாஸ்வேர்டைப் போடோணும்?

உங்கள் பாஸ்வேர்ட்தான். ரூட் பாஸ்வேர்டைக் கேட்பது, ரூட்டாகவே மாற வைக்கும் ‘எஸ்யூ’ கட்டளை. சூடோ கேட்பது நீங்கள் உள்ளே நுழைந்த அதே பாஸ்வேர்டை. எத்தனை எழுத்து என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்பதால் திரையில் எதுவும் காட்டாது. மின்ட் போன்ற சிலவற்றில் நட்சத்திரம் காட்டும். தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள். கேப்ஸ் லாக் விளக்கையும், விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதி ‘தவறான பாஸ்வேர்ட்’ புகார் அங்கேதான் முடிகிறது.

ஒருமுறை சரியாகப் போட்டால் உபுண்டு, டெபியனில் 15 நிமிடம் மறுபடி கேட்காது, கட்டளை தட்டும் அதே டெர்மினல் ஜன்னலில் மட்டும். எழுந்து டீ குடிக்கப் போகும்முன் ‘சூடோ -கே’ போட்டால் அந்த அவகாசம் உடனே முடிந்துவிடும்.

"நீங்க சூடோயர்ஸ் ஃபைல்ல இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்"னு இங்கிலீஷ்ல வந்துருச்சுங்க. யாருகிட்டச் சொல்லும்? எனக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?

ஒன்றும் ஆகாது. அந்த மெஷினின் பதிவேட்டில் ஒரு வரி விழும். மெயில் அமைத்திருந்தால் ரூட் கணக்குக்கு ஒரு மெயில் போகும். உங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்பதுதான் அதன் பொருள். டெபியனில் இது அடிக்கடி வரும்: நிறுவும்போது ரூட் பாஸ்வேர்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டால், முதல் பயனருக்கு சூடோ உரிமை கிடைக்காது.

பக்கத்து மெஷின்ல ஓடுற கமாண்ட் என்ற மெஷின்ல ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ங்குதுங்க. உரிமை இல்லாததாலயா?

இல்லை. உரிமை இல்லையென்றால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். ‘நாட் ஃபவுண்ட்’ என்றால் தேடிய அடைவுகளில் (ஃபோல்டர்களில்) அந்த நிரல் கிடைக்கவில்லை. நிர்வாகக் கட்டளைகள் பல ‘/யூஎஸ்ஆர்/எஸ்பின்’ அடைவில் இருக்கின்றன. டெபியன் சாதாரணப் பயனரின் தேடல் பட்டியலில், அதாவது பாத் மாறியில், அந்த அடைவைச் சேர்ப்பதில்லை, உபுண்டு சேர்க்கிறது. அதனால்தான் ‘இஃப்கான்ஃபிக்’, ‘எஃப்டிஸ்க்’, ‘பிஎல்கேஐடி’ எல்லாம் ஒன்றில் ஓடி, மற்றொன்றில் காணாமல் போகின்றன.

உங்கள் வீட்டு அடைவில் உள்ள ‘.பேஷ்ஆர்சி’ கோப்பின் கடைசியில் ‘பாத்=$பாத்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்’ என்று ஒரு வரி சேர்த்து (பாத் இரண்டு இடத்திலும் பெரிய எழுத்தில்) புது டெர்மினலைத் திறங்கள். புதிய அடைவுகளைப் பட்டியலின் பின்னால்தான் சேர்க்க வேண்டும். இதனால் அதிகாரம் எதுவும் கூடிவிடாது. கண்ணில் படும், அவ்வளவுதான். ‘இஃப்கான்ஃபிக்’ அதன்பிறகும் கிடைக்கவில்லையென்றால் நெட்-டூல்ஸ் என்ற மென்பொருள் பொதியே நிறுவப்படவில்லை. ‘ஐபி ஏ’ போட்டால் அதே விவரம் வரும்.

டெபியன் 10இலிருந்து இன்னொன்று மாறியது. வெறும் ‘எஸ்யூ’ போட்டால் பழைய பயனரின் பாத்தோடுதான் ரூட்டாக மாறுவீர்கள். ‘எஸ்யூ -’ என்று கோடு சேர்த்துப் போடுங்கள்.

ஒருத்தருக்கு முழு சூடோ உரிமை கொடுக்கோணும்னா என்ன பண்றதுங்க?

செல்வி என்ற பயனர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரை சூடோ குழுவில் சேருங்கள்: ‘சூடோ யூசர்மாட் -ஏஜி சூடோ செல்வி’. ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஃபெடோரா, ரெட்ஹேட் வகையில் குழுவின் பெயர் சூடோ அல்ல, ‘வீல்’.

அந்த ஏ-யை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஜி மட்டும் போட்டால், செல்வி ஏற்கெனவே இருந்த மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் நீங்கிவிடுவார். சூடோ குழுவில் இருக்கும் ஒரே ஆள், தன்னையே வேறொரு குழுவில் சேர்க்கும்போது ஏ-யை விட்டால், தன் சூடோ உரிமையையே இழந்து நிற்பார். சேர்த்தபின் முழுமையாக வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். மெஷினை ஒருமுறை மறுதொடக்கம் செய்வது இன்னும் நிச்சயம். ‘ஐடி’ என்று தட்டினால் இப்போது எந்தெந்தக் குழுக்கள் என்று காட்டும்.

இத்தனை தொந்தரவு எதுக்குங்ணா? ரூட் பாஸ்வேர்டை எழுதி மேசையில ஒட்டிட்டா ஆளாளுக்குப் பார்த்துக்குவாங்கல்ல?

பார்த்துக்கொள்வார்கள். என்ன நடந்தது, யார் செய்தார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் எல்லாமே ரூட் செய்ததாகத்தான் இருக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லா மெஷினிலும் பாஸ்வேர்டை மாற்றி, மீதிப் பேருக்கெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும். பழைய கோப்புகளை அழிக்கும் கட்டளையில் ஓர் இடைவெளி தவறி விழுந்தால், சாதாரணப் பயனராக இருந்தால் அவருடைய கோப்புகள் மட்டும் போகும். ரூட்டாக இருந்தால் மெஷினே போகும்.

பேக்கிங் மேசையில் இருப்பவருக்கு ரூட் தேவையே இல்லை. அவருக்குத் தேவை ஒரு வேலை: லேபிள் பிரிண்டர் நின்றால் மறுபடி ஓட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் தூத்துக்குடி போகும் லாரி வாசலில் நிற்க, கடைசி நாற்பது பெட்டிக்கு பார்கோடு ஒட்ட முடியாமல் நிற்பது யாருக்கும் வரக்கூடாத கஷ்டம். அந்த ஒரு வேலைக்கு ஒரு சாவி செய்து கொடுத்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டாம், வீட்டுச் சாவிக்கொத்தையும் கைமாற்ற வேண்டாம். கீழே வரும் பதில்களெல்லாம் அந்தச் சாவியைச் செய்யும் முறைதான்.

நூல் குடோன்ல எடை மெஷின கம்ப்யூட்டர்ல மாட்டுனா ‘பெர்மிஷன் டினைட்’. ஒவ்வொருக்காவும் சூடோ போட்டுத்தான் பில்லிங்கத் திறக்கோணுமுங்களா?

வேண்டாம், சூடோவே வேண்டாம். எடை மெஷினின் சீரியல் கம்பி யூஎஸ்பி கன்வர்ட்டர் வழியாக வந்தால் ‘/டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0’ என்று ஒரு சாதனக் கோப்பு உருவாகும் (டிடிஒய் சிறிய எழுத்து, யூஎஸ்பி பெரிய எழுத்து). ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பாருங்கள்: உரிமையாளர் ரூட், குழு ‘டயல்அவுட்’ என்று இருக்கும். பில்லிங் பயனரை அந்தக் குழுவில் சேர்த்தால் போதும். முன் சொன்ன யூசர்மாட் கட்டளையில் சூடோவுக்குப் பதில் டயல்அவுட். வெளியேறி நுழைவதை மறக்க வேண்டாம்.

பலர் ‘சிஎச்மாட் 666’ போட்டு, யாரும் படிக்கலாம், எழுதலாம் என்று கோப்பின் உரிமையை மாற்றிச் சரிசெய்கிறார்கள். கம்பியைப் பிடுங்கிச் செருகியதும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் சேவை அந்தச் சாதனக் கோப்பைப் புதிதாக உருவாக்கும், பழைய உரிமையே திரும்பிவிடும். ‘நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஓடல’ என்பதற்குக் காரணம் அதுதான்.

உபுண்டு 22.04இல் இன்னொரு தொல்லை உண்டு. சிஎச்340 சில்லு உள்ள மலிவான கன்வர்ட்டரைச் செருகியதும் அந்தச் சாதனம் தோன்றி உடனே மறைந்துவிடும். பிரெயில் திரைகளுக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ சேவை அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. அந்த மெஷினில் பிரெயில் கருவி யாரும் பயன்படுத்தவில்லையென்றால் அந்தப் பொதியை நீக்கிவிடலாம். சாதனம் திறந்தும் எடை கிறுக்கலாக வந்தால் அது உரிமைச் சிக்கல் அல்ல, பாட் வேகம் (சீரியல் கம்பியில் தரவு போகும் வேகம்) பொருந்தவில்லை.

அந்த மாதிரி வேற என்ன குழு இருக்குதுங்க?

‘எல்பிஅட்மின்’ குழுவில் இருப்பவர் பிரிண்டர் சேர்க்கலாம், நீக்கலாம், நின்ற வரிசையை ஓட்டலாம். ‘ஏடிஎம்’ குழுவுக்கு பதிவேடுகளைப் படிக்கும் உரிமை. இவை பயமில்லாமல் கொடுக்கக்கூடியவை.

‘டிஸ்க்’, ‘டாக்கர்’ இரண்டும் அப்படி அல்ல. டிஸ்க் குழுவில் இருப்பவர் வன்தட்டை நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். கோப்பு உரிமை எதுவும் அவரைக் கட்டாது. டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் மென்பொருள்; அந்தக் குழுவில் இருப்பவர் மெஷினின் மூல அடைவையே ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து அங்கே ரூட்டாக உட்காரலாம். பாஸ்வேர்ட் கேட்காத முழு சூடோ கொடுத்ததற்குச் சமம் என்று தெரிந்தே கொடுங்கள்.

ஒரே ஒரு கமாண்டை மட்டும், பாஸ்வேர்ட் கேக்காம, ஒருத்தருக்கு எப்படிங்க கொடுக்கறது?

லேபிள் பிரிண்டரையே எடுத்துக்கொள்வோம். முதலில் வேலையை ஒரு சிறு ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளைகளை வரிசையாக வைத்த கோப்பாக, எழுதுங்கள். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்/லேபிள்சரி’ என்று கோப்பு. முதல் வரி ‘#!/பின்/எஸ்எச்’. அடுத்து மூன்று கட்டளைகள், மூன்றுக்கும் முழுப் பாதையோடு: ‘/யூஎஸ்ஆர்/பின்/கேன்சல் -ஏ லேபிள்’, ‘/யூஎஸ்ஆர்/பின்/சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கப்ஸ்’, ‘/யூஎஸ்ஆர்/எஸ்பின்/கப்ஸ்எனேபிள் லேபிள்’. லேபிள் என்பது லினக்ஸின் அச்சுச் சேவையான கப்ஸில் அந்தப் பிரிண்டருக்கு வைத்த பெயர். முதலாவது தேங்கி நிற்கும் அச்சுகளை ரத்து செய்யும், இரண்டாவது அச்சுச் சேவையை மறுபடி தொடங்கும், மூன்றாவது நிறுத்தப்பட்ட வரிசையைத் திறக்கும். காகிதம் சிக்கினால் வரிசை தானாகவே நிறுத்த நிலைக்குப் போய்விடுவது உண்டு. அதனால்தான் சேவையை மட்டும் மறுபடி தொடங்கினால் போதாமல் போகிறது.

பிறகு ‘சிஎச்ஓன் ரூட்:ரூட்’, ‘சிஎச்மாட் 755’ இரண்டையும் அந்தக் கோப்பின்மேல் போடுங்கள்; கோப்பு ரூட்டுடையதாகி, ரூட் மட்டுமே திருத்தலாம் என்றாகும். இந்தப் படிதான் உயிர்நாடி. ஸ்கிரிப்டை செல்வியே திருத்த முடிந்தால், அதற்குள் எதை எழுதினாலும் அது ரூட்டாக ஓடும். ஒரு கட்டளை கொடுத்ததாக நினைத்து எல்லாவற்றையும் கொடுத்திருப்பீர்கள். அவருடைய வீட்டு அடைவில் ஸ்கிரிப்டை வைத்தாலும் அதே கதி. கோப்பு ரூட்டுடையதாக இருந்தாலும், அடைவு அவருடையது என்பதால் அதை நீக்கி அதே பெயரில் வேறொன்றை வைக்க முடியும்.

கடைசியாக விதி. ‘சூடோ விசூடோ -எஃப் /இடிசி/சூடோயர்ஸ்.டி/லேபிள்’ என்று திறந்து ஒரே வரி எழுதுங்கள்: ‘செல்வி ஆல்=(ரூட்) நோபாஸ்வேர்ட்: /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்/லேபிள்சரி ""’. ஆல், நோபாஸ்வேர்ட் இரண்டும் பெரிய எழுத்தில். நோபாஸ்வேர்டில் ஓர் எச்சரிக்கை: பாஸ்வேர்ட் என்ற பகுதியில் ஓ, ஆர் இரண்டு எழுத்தையும் விட்டுத்தான் எழுத வேண்டும். கடைசியில் வரும் காலி மேற்கோள் குறிகள், கூடுதலாக எதையும் சேர்த்துத் தட்டக்கூடாது என்று சொல்கின்றன. அவை இல்லையென்றால் எதை வேண்டுமானாலும் பின்னால் சேர்க்கலாம் என்று பொருள். இனி செல்வி ‘சூடோ லேபிள்சரி’ என்று தட்டினால் போதும்.

நோட்பேடு மாதிரி ஒரு எடிட்டர்ல சூடோயர்ஸைத் திறந்து எழுதினா ஆகாதுங்களா? விசூடோ எதுக்கு?

ஒரு எழுத்துப் பிழையோடு சேமித்தால், பழைய பதிப்புகளில் சூடோ எல்லோருக்கும் மறுத்துவிடும். பிழையைத் திருத்தவும் சூடோ வேண்டும். விசூடோ சேமிக்கும்முன் இலக்கணம் பார்க்கும். பிழை இருந்தால் என்ன செய்யட்டும் என்று கேட்கும். ‘இ’ போட்டால் மறுபடி திருத்தலாம், ‘எக்ஸ்’ போட்டால் சேமிக்காமல் வெளியேறலாம். பெரிய எழுத்து ‘க்யூ’ மட்டும் வேண்டாம். அது பிழையோடு சேமிக்கும்.

விசூடோ எழுத்தை மட்டும்தான் பார்க்கும், நியாயத்தை அல்ல. ஆகவே திருத்தும்போது இன்னொரு டெர்மினலில் ‘சூடோ -ஐ’ போட்டு ரூட்டாக ஒரு ஜன்னலைத் திறந்தே வையுங்கள். புது விதி வேலை செய்கிறது என்று பார்த்தபின் அதை மூடலாம்.

டைப் பண்ணத் தெரியாதுங்க எங்க பேக்கிங் அக்காவுக்கு. ஐகானா வெச்சுக் கொடுக்க முடியுமா?

முடியும். பாஸ்வேர்ட் கேட்காத விதி எழுதியாகிவிட்டதால் டெர்மினலே தேவையில்லை. ‘லேபிள்.டெஸ்க்டாப்’ என்று ஒரு கோப்பு செய்து, எக்ஸெக் வரியில் ‘சூடோ /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்/லேபிள்சரி’, நேம் வரியில் ‘பிரிண்டர் நின்னுபோச்சு’ என்று தமிழிலேயே எழுதுங்கள் (எக்ஸெக், நேம் இரண்டிலும் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து). உபுண்டுவில் ஐகான்மேல் வலது கிளிக் செய்து, இயக்க அனுமதிப்பதற்கான தேர்வை ஒருமுறை அழுத்த வேண்டும். அதுவரை ஐகான் ஓடாது.

விதியெல்லாம் சரியாத்தான் எழுதினேனுங்க. மறுக்கா மறுக்கா பாஸ்வேர்ட் கேக்குது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. முதலாவது, கோப்பின் பெயர். சூடோயர்ஸ்.டி அடைவில், பெயரில் புள்ளி உள்ள கோப்பை சூடோ படிக்கவே படிக்காது. ‘லேபிள்.கான்ஃப்’ என்று வைத்தால் பிழைச்செய்தியும் வராது, விதியும் ஓடாது. இரண்டாவது, வரிசை. ஒரே கட்டளைக்கு இரண்டு விதி பொருந்தினால் கடைசியில் வருவதுதான் செல்லும். செல்வி ஏற்கெனவே சூடோ குழுவிலும் இருந்து, முதன்மைக் கோப்பில் குழுவின் விதி கடைசியில் வந்தால், பாஸ்வேர்ட் கேட்கும் விதிதான் ஜெயிக்கும். அடைவைச் சேர்க்கும் வரி எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது, பாதை ஒன்று, தட்டுவது வேறு. விதியில் எழுதிய அதே கோப்பைத்தான் ஓட்ட வேண்டும். ரெட்ஹேட் வகையில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்’ சூடோவின் தேடல் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். முழுப் பாதையையும் தட்டுங்கள். நான்காவது, மேலே சொன்ன காலி மேற்கோளை வைத்துவிட்டு, பின்னால் ஏதோ சேர்த்துத் தட்டுவது. செல்வியின் கணக்கில் ‘சூடோ -எல்’ போட்டால் அவருக்கு என்னென்ன அனுமதி என்று பட்டியல் வரும். சந்தேகம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

‘சூடோ எக்கோ’ போட்டு ஃபைல்ல எழுதினாலும் ‘பெர்மிஷன் டினைட்’. சூடோ போட்டாச்சே, அப்பறம் என்னங்க?

‘>’ குறியைக் கையாள்வது சூடோ அல்ல, உங்கள் ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல். சூடோ தொடங்கும் முன்பே ஷெல் உங்கள் உரிமையில் கோப்பைத் திறக்கப் பார்த்துத் தோற்றுவிடுகிறது. ‘எக்கோ "வரி" | சூடோ டீ -ஏ கோப்பு’ என்று எழுதுங்கள். -ஏ இல்லையென்றால் கோப்பில் இருந்தது அழிந்து புதியது மட்டும் நிற்கும். ‘சூடோ சிடி’ ஓடாததும் இதே வகைக் காரணம்: சிடி தனி நிரல் அல்ல, ஷெல்லின் உள்ளே இருப்பது.

கரண்ட் போயி யூபிஎஸ் கத்துது. மெஷின ஆஃப் பண்ண அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது. ஏனுங்க இப்படி?

மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர், அவர் மட்டுமே உள்ளே இருந்தால், பாஸ்வேர்ட் இல்லாமல் அணைக்கலாம். இன்னொரு பயனர் வெளியேறாமல் ‘ஸ்விட்ச் யூசர்’ போட்டுப் போயிருந்தால் கேட்கும், அவருடைய சேமிக்காத வேலை போகக்கூடாது என்பதற்காக. இதை முடிவு செய்வது சூடோ அல்ல, டெஸ்க்டாப் வேலைகளுக்கு அனுமதி பார்க்கும் போல்கிட் என்ற சேவை. ஷிப்ட் முடிந்ததும் வெளியேறும் பழக்கம் வந்துவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீரும். இல்லையென்றால் ‘/யூஎஸ்ஆர்/எஸ்பின்/ஷட்டவுன் -எச் நவ்’ என்ற கட்டளையை, அந்தச் சொற்களோடு சேர்த்து அப்படியே, மேலே சொன்ன முறையில் விதியாக எழுதுங்கள். யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி கம்பி இருந்தால் ‘நட்’ என்ற நிரல் பேட்டரி குறையும்போது தானே மெஷினை அணைக்கும். ஆள் இல்லாத நேரத்துக்கு அதுதான் சரி.

பென்டிரைவ் போட்டா திறக்குது, உள்ள இருக்கற ரெண்டாவது ஹார்டுடிஸ்கைத் திறந்தா பாஸ்வேர்ட் கேக்குதுங்க.

கழற்றக்கூடிய வட்டை மெஷின் முன் இருப்பவர் திறக்கலாம், உள்வட்டை நிர்வாகிதான் திறக்கலாம் என்பது இயல்பான ஏற்பாடு. ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ கோப்பில் அந்த வட்டின் வரியில் ‘யூசர்ஸ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் எந்தப் பயனரும் இணைக்கலாம், கழற்றலாம். ‘யூசர்’ என்று ஒருமையில் எழுதினால் இணைத்தவர்தான் கழற்ற முடியும். ‘நோஃபெயில்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். வட்டு பழுதானாலும் மெஷின் தொடங்கும்போது தடுக்கி நிற்காது.

ஒரு ஃபைலை மட்டும் எடிட் பண்ண விஐ-க்கு சூடோ கொடுத்தா போதுமில்லீங்களா?

போதும் என்பதற்கு மேலே போய்விடும். விஐ என்ற எடிட்டருக்குள்ளிருந்தே ‘:!பேஷ்’ என்று தட்டினால் ரூட் ஷெல் திறக்கும். லெஸ், ஃபைண்ட், ஆக், டார் ஆகியவற்றுக்கும் இப்படி வேறு நிரலை ஓட்டும் வழி உண்டு. கோப்பைத் திருத்துவதற்கென்றே ‘சூடோஎடிட்’ இருக்கிறது. விதியில் கட்டளை இருக்கும் இடத்தில் ‘சூடோஎடிட் /இடிசி/ஹோஸ்ட்ஸ்’ என்று எழுதுங்கள். சூடோஎடிட்டுக்கு மட்டும் பாதை வேண்டாம். அது கோப்பின் நகலைப் பயனரின் சொந்த உரிமையில் திறந்து கொடுத்து, திருத்தியதும் திரும்ப வைக்கும். எடிட்டர் ரூட்டாக ஓடாது.

‘ஆல்’ கொடுத்துட்டு, ஆபத்தானதை மட்டும் ஆச்சரியக்குறி போட்டு விலக்கினா? இல்லாட்டி நட்சத்திரம் போட்டு சுருக்கமா எழுதினா?

இரண்டும் ஓட்டை வேலி. ‘எல்லாம் உண்டு, எஸ்யூ மட்டும் இல்லை’ என்று எழுதினால், எஸ்யூவை வேறு பெயரில் நகலெடுத்து ஓட்டலாம், பேஷையே நேராக ஓட்டலாம். தடுக்கப்பட்டது பெயர்தான்.

கட்டளைக்குப் பின்னால் வரும் நட்சத்திரம் இடைவெளியையும் சாய்கோட்டையும் சேர்த்தே விழுங்கும். ‘/யூஎஸ்ஆர்/பின்/கேட் /வேர்/லாக்/*’ என்று பதிவேடுகளை மட்டும் படிக்க அனுமதித்ததாக நினைப்பீர்கள். ‘சூடோ கேட் /வேர்/லாக்/சிஸ்லாக் /இடிசி/ஷேடோ’ என்று தட்டினால் அதுவும் பொருந்தும். எல்லோருடைய பாஸ்வேர்ட் ஹாஷும் (பாஸ்வேர்டின் மறைகுறி வடிவம்) திரையில் வந்துவிடும். பதிவேடு படிக்க ஏடிஎம் குழு போதும் என்று முன்பே சொன்னோம். உபுண்டு 25.10இலிருந்து இயல்பாக வரும் சூடோ-ஆர்எஸ், ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. கட்டளைக்குப் பின்னால் இப்படி நட்சத்திரம் வைப்பதை அது ஏற்பதே இல்லை. மாறும்முன் பழைய விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

சாஃப்ட்வேர் போட்டுக்கட்டும்னு ‘ஏபிடி இன்ஸ்டால்’ மட்டும் கொடுக்கலாமுங்களா?

வேண்டாம். மென்பொருள் நிறுவும் கட்டளையான ஏபிடி, கையில் உள்ள ஒரு டெப் கோப்பையும் (மென்பொருள் பொதி) நிறுவும். அதனுள் இருக்கும் ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடும். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு உபுண்டுவில் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ முன்பே இருக்கிறது, தானாகவே போட்டுக்கொள்ளும். பணியாளரே புதுப்பிக்க வேண்டுமென்றால் லேபிள்சரி மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதில் டெபியன்_ஃப்ரண்ட்எண்ட் மாறியை (முழுதும் பெரிய எழுத்து) ‘நான்இன்டராக்டிவ்’ என்று வைத்து, ஏபிடி கட்டளையில் ‘-ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::=--ஃபோர்ஸ்-கான்ஃபோல்ட்’ என்பதையும் சேருங்கள்; மாறி மட்டும் போதாது. இல்லையென்றால், திருத்திய அமைப்புக் கோப்பை என்ன செய்யட்டும் என்று நடுவில் டிபிகேஜி (ஏபிடிக்காகப் பொதிகளை நிறுவும் நிரல்) கேட்கும். அந்தக் கேள்விக்கு ‘இசட்’ என்று பதில் சொன்னால் ரூட் ஷெல் திறந்துவிடும்.

பெர்மிஷன் தொல்லை தாங்காம ‘சிஎச்மாட் -ஆர் 777 /’ போட்டுட்டனுங்க. இப்ப சூடோவே ஓடமாட்டேங்குது.

சூடோ ஓட அந்த நிரலில் செட்யூஐடி என்ற குறி (யார் ஓட்டினாலும் நிரலை அதன் உரிமையாளராக ஓட வைப்பது) வேண்டும். 777 அதை அழித்துவிட்டது. சூடோயர்ஸ் கோப்பை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலையில் சூடோ அதை நம்பவும் மறுக்கும். உபுண்டுவில் மெஷின் தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி, ரெக்கவரி தேர்வில் ரூட் ஷெல்லுக்குப் போங்கள். ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ போட்டு எழுதும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பின் ‘/யூஎஸ்ஆர்/பின்/சூடோ’வுக்கு சிஎச்மாட் 4755, சூடோயர்ஸுக்கும் சூடோயர்ஸ்.டியில் உள்ள கோப்புகளுக்கும் 0440.

சூடோ உயிர்பெறும். ஆனால் முழு மெஷினிலும் 777 போட்டிருந்தால் மற்ற ஆயிரக்கணக்கான கோப்புகள் பழைய நிலைக்கு வராது. வெளியிலிருந்து பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைய வைக்கும் எஸ்எஸ்எச் சாவிகள்கூட ஏற்கப்படாது. தரவை வெளி வட்டுக்கு எடுத்துவிட்டு மறுபடி நிறுவுவதே சரி. விதியில் எழுத்துப் பிழை வந்து சூடோ நின்ற வழக்கு இவ்வளவு மோசமல்ல: டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து ‘பிகேஎக்ஸெக் விசூடோ’ போட்டால், போல்கிட் வழியாக அனுமதி கேட்டு, திருத்த விடும்.

வேலையை விட்டுப் போனவரோட உரிமையை எப்படிங்க எடுக்கறது? யூசர்மாட்ல பூட்டினா போதுமா?

‘யூசர்மாட் -எல்’ (எல் பெரிய எழுத்து) பாஸ்வேர்டை மட்டும் பூட்டும். எஸ்எஸ்எச் சாவி வைத்திருந்தால் வெளியிலிருந்து அவர் நுழையலாம். ‘சூடோ சேஜ் -இ 0 பெயர்’ (இ பெரிய எழுத்து) போட்டால் கணக்கே காலாவதியாகும். அவர் இன்னும் உள்ளே இருந்தால் ‘லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் பெயர்’. பிறகு சூடோயர்ஸ்.டியில் அவர் பெயருள்ள விதியை நீக்குங்கள். பின்னாளில் அதே பெயரில் வேறொருவருக்குக் கணக்கு திறந்தால் பழைய உரிமை அவருக்குப் போய்விடும். அவர் என்னென்ன ஓட்டினார் என்று பார்க்க ‘/வேர்/லாக்/ஆத்.லாக்’, அல்லது ‘ஜர்னல்சிடிஎல் _காம்=சூடோ’ (காம் பெரிய எழுத்தில்).

இருபது மெஷின் இருக்குதுங்க. ஒவ்வொண்ணுக்கும் போயி எழுதோணுமா?

ஆளின் பெயருக்கு எழுதாமல் குழுவுக்கு எழுதுங்கள்: ‘பேக்கிங்’ என்று ஒரு குழு, விதியின் தொடக்கத்தில் ‘%பேக்கிங்’. ஆள் மாறினால் குழுவில் சேர்ப்பதும் நீக்குவதும் மட்டுமே வேலை; விதியைத் தொடவே வேண்டாம்.

கோப்புகளைப் பரப்ப, பல மெஷின்களுக்கு ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் அன்சிபிள் என்ற நிரல் போதும். காப்பி மாட்யூலில் உரிமை 0440 என்று கொடுத்து, ‘வாலிடேட்’ வரியில் ‘/யூஎஸ்ஆர்/எஸ்பின்/விசூடோ -சிஎஃப் %எஸ்’ என்று எழுதுங்கள். கோப்பு அதன் இடத்துக்குப் போகும்முன் ஒவ்வொரு மெஷினிலும் விசூடோ சரிபார்க்கும்; பிழை இருந்தால் பழையதே நிற்கும். இந்த வரி இல்லாமல் அனுப்பினால் ஒரே எழுத்துப் பிழை இருபது மெஷினுக்கும் ஒரே நிமிடத்தில் போய்விடும். முதலில் ஒரு மெஷினுக்கு மட்டும் அனுப்பி, செல்வியின் கணக்கில் ‘சூடோ -எல்’ பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள்.